இரண்டாம் பாதியில் கொஞ்சம் மணல்

வெட்டூர்ணிமடத்துக் கல்யாண மண்டபம்.
நேற்றைய ஜோடியின் தெர்மாக்கோல் பெயரில்
பாதி இன்னும் சுவரில் மினுங்கியது.
அதன் கீழே நாற்பத்தொரு பேர்.
சபை பேண்டிலிருந்து பித்தளை ஆறு;
திருவனந்தபுரத்திலிருந்து காலை ரயிலில் மூன்று செல்லோ,
அதற்கும் சீட்டு எடுக்கணுமா என்று
பாறசாலை தாண்டும்வரை தகராறாம்.
எல்லோருக்கும் பின்னால் நான்.
டிம்பனி இரண்டு: ஒன்று ஸ, ஒன்று ப.

பகலில் மின்வாரியம், தக்கலை செக்‌ஷன்.
இங்கே எண்ணுகிற வேலை:
ஐம்பத்தேழு பார் சும்மா நின்று
ஐம்பத்தெட்டில் ஒரே ஒரு இடி.

கண்டக்டர் எட்வின் ஞானசிகாமணி சொல்லியிருந்தார்:
"புதுசையெல்லாம் முதல்ல முடிச்சிருவோம்.
ஓடுகவன் காப்பிக்கு முன்னயே ஓடட்டும்.
பொறவு சிம்பொனி.
இருநூறு வருசமா நிக்குது, இன்னைக்கும் நிக்கும்."

முதல் உருப்படி ஆரல்வாய்மொழிக் காற்றாடிகள்.
சுரமே இல்லாமல் வில்லை மட்டும் இழுக்கும் பதினாறு வயலின்.
ஐந்தாம் நிமிடம் நடுவரிசையில் ஒரு குரல்,
"தொடங்கியாச்சா,
இல்ல இன்னும் சுருதி சேக்கியானுவளா?"
யாரும் சிரிக்கவில்லை.
பலருக்கும் அதே சந்தேகம்.

அடுத்தது செல்சியாவுடையது.
கடியபட்டணத்துக்காரி.
ஹார்லிக்ஸ் குப்பியில் கருமணல் கொண்டுவந்திருந்தாள்.
நோட்டில் என் வரிக்கு மேலே பென்சிலில்:
பெரிய டிம்பனித் தோலில் ஒன்றரைக் கரண்டி.
ஓரத்தில் விரலால் தட்டவும்.
மணல் தானே அடங்கும்வரை கை வைக்க வேண்டாம்.
எந்தக் கரண்டி என்று ஒத்திகையில் கேட்டேன்.
"சாம்பாருக்கு உள்ளது இல்ல அண்ணே,
சீனிக்கு உள்ளது."

தூவினேன். தட்டினேன்.
தோலுக்கு மேல் அரை விரல் உயரத்தில்
எறும்புக் கூட்டம் வழி மறந்ததுபோல் அலைந்து
சட்டென்று எதையோ ஒத்துக்கொண்டு
வட்டத்துக்குள் வட்டமாய் நின்றது.
அதை நான் மட்டுமே பார்த்தேன்.
மண்டபத்துக்குக் கேட்டது ஒரு முணுமுணுப்பு,
பிறகு மின்விசிறி,
பிறகு மரியாதைக்குத் தட்டிய கைகள்.

இடைவேளை. ரசவடை, சுக்குக் காப்பி.
எனக்கு பிரஷ், ஈரத்துணி, வாயால் ஊதல்.
ஹார்ன் கிங்ஸ்டன் போன் வெளிச்சம் அடித்தான்.
"சுத்தம்டே. வா, வடை தீந்திரும்."

சிம்பொனியின் முதல் பகுதி நல்ல சத்தம்.
அதில் எதுவும் தெரியவில்லை.
இரண்டாவது மெதுவானது.
எனக்கு மொத்தம் ஆறு தட்டு,
தூங்குகிறவர் வீட்டுக் கதவில் தட்டுகிற அளவு.
முதலில் ப, சுத்தம்.
அடுத்து ஸ.
அதன் வாலில் ஏதோ ஒட்டியிருந்தது:
அரிசி களைந்து கடைசித் தண்ணீரைச் சாய்க்கையில்
பாத்திரத்தின் அடியில் கேட்குமே, அது.

எட்வின் சாரின் இடது புருவம் எனக்காக ஏறியது.
இன்னும் நாலு பாக்கி.
குச்சியைத் தோலின் விளிம்புக்கு நகர்த்தி
ஒப்பேற்றியிருக்கலாம்.
நகர்த்தவில்லை.
ஏன் என்று இப்போதும் தெரியாது.
எழுதியிருந்த இடத்திலேயே அடித்தேன்.
ஒவ்வொரு ஸ-வுக்கும் வளையத்தின் அடியிலிருந்து
நாலைந்து மணி எழுந்து உட்கார்ந்தது.

மூன்றாம் வரிசையில்
போனில் குனிந்திருந்த செல்சியா நிமிர்ந்தாள்.
வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.
மெழுகுவர்த்தி ஊரில் இருந்து இதை எழுதியவன்
மணவாளக்குறிச்சிப் பக்கம் வந்ததில்லை.
வந்திருந்தால் என்ன சொல்வான் என்று
யோசிக்கத் தொடங்கி, நிறுத்தினேன்.
பதினோரு பார் எண்ண வேண்டியிருந்தது.

முடிந்ததும் சார் சொன்னார்,
"தோலு பழசாயிட்டு. மாத்தணும்லே."
"ஆமா சார்."

டெம்போவில் ஏற்றிக் கிளம்பினோம்.
சுங்கான்கடை இறக்கத்தில் ஒவ்வொரு குழிக்கும்
பின்னால் பெரியது பேசிக்கொண்டே வந்தது.
டிரைவர் கேட்டார், என்னது உள்ள, பட்டாணியா?

டிசம்பரில் அடுத்த கச்சேரி.
வளையத்தை இன்னும் கழற்றவில்லை.